கணினிக்கும் ஒரு சிட்டைக் கொப்பி வேண்டும்



இந்த வாரம் எழுதப்போவது கணினி சம்பந்தமான விடயம். "இது எங்களுக்கு எதற்கு, மென்பொருள் செய்யும் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான். அந்த நினைப்பினால் ஓர் அப்பாவிப் பிள்ளையைக் கள்வனாக்கப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் புடவை வியாபாரம் செய்பவர்களுக்கு றமழானின் கடைசிப் பத்து எப்படியென்று சொல்லத் தேவையில்லை. தராவீஹ் முடிந்த பிறகுதான் சனம் வரும். நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கும். எமது கடையில் ஒவ்வொரு நாளும் இரவு 12 மணிக்கு லாச்சியைக் கணக்குப் பார்த்து மூடிவிட்டு, அதற்குப் பிறகு வரும் பணத்தை மறுநாள் கணக்கில் போடுவது வழமை. விற்பனையைப் பதிய ஒரு நண்பரின் மகன் சிறியதொரு மென்பொருள் செய்து தந்திருந்தார். அது வெளிநாட்டிலுள்ள ஒரு சேர்வரில் ஓடியது. ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் மறுநாள் காலையில் காட்டும்.

பத்துத் தொடங்கியதும் பிரச்சினையும் தொடங்கியது. முதல் நாள் லாச்சியில் 11,350 ரூபா குறைவு. அடுத்த நாள் 2,200 குறைவு. மூன்றாம் நாள் 1,600 கூடுதல். நான்காம் நாள் மீண்டும் 3,900 குறைவு. கூடிய நாளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. குறைந்த நாட்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. காசுப் பக்கம் நின்ற தம்பியை அங்கிருந்து எடுத்துப் பின்னால் துணி மடிக்க விட்டேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, அவருக்கும் விளங்கிவிட்டது.

மென்பொருள் செய்த பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒவ்வொரு விற்பனையும் எத்தனை மணிக்கு நடந்ததென்று காட்டு" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். மென்பொருள் மொத்தத்தை மட்டும் கூட்டி வைத்திருந்ததே தவிர, ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து எழுதி வைக்கச் செய்தார். மறுநாள் காலையில் விடயம் வெளிச்சமாகிவிட்டது. இரவு 12.20க்குப் போட்ட பில், முதல் நாள் மாலை 6.50 என்று பதிவாகியிருந்தது.

"மாமா, களவு ஒண்டும் இல்ல. சேர்வர்ட மணிக்கூடு எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் பிந்திப் போகுது" என்றார் பிள்ளை.

சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. அதற்கு நாள் மாறுவது எமது காலை 5.30 மணிக்கு. ஆகவே நள்ளிரவு 12க்குப் பிறகு நாம் விற்றதையெல்லாம் அது முதல் நாள் கணக்கில் சேர்த்தது. நாமோ அந்தப் பணத்தை மறுநாள் கணக்கில் வைத்தோம். முதல் நாள் குறைந்த 11,350 ரூபா அன்று நள்ளிரவுக்குப் பிறகு விற்ற பணம். அது அடுத்த நாள் லாச்சியில் இருந்தது. அந்த அடுத்த இரவில் நள்ளிரவு வியாபாரம் இன்னும் 2,200 கூடியதால் அவ்வளவு குறைவாகத் தெரிந்தது. அதற்கடுத்த இரவில் வியாபாரம் சற்றுக் குறைந்ததால் கூடுதலாகத் தெரிந்தது. ஒரு சதமும் காணாமல் போகவில்லை.

பெருநாளைக்கு முன்னரே, எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அவர் மன்னித்தார். அதிக சந்தேகத்தைத் தவிர்க்குமாறு சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் ஏவியிருப்பதை எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன். கணக்கில் ஒரு வரி இல்லாதபோதுதான் அந்தச் சந்தேகம் உள்ளே நுழைகிறது என்பதை அன்றுதான் படித்தேன்.

சிட்டையும் பேரேடும்

எமது பெரியவர்கள் இரண்டு கொப்பி வைத்திருந்தார்கள். ஒன்று மேசையில் கிடக்கும் சிட்டைக் கொப்பி. யார் வந்தார், என்ன எடுத்தார், எவ்வளவு தந்தார், எவ்வளவு பாக்கி என்று நடந்தது நடந்த வரிசையில் அதில் ஏறும். மற்றது பேரேடு. இரவில் சிட்டையைப் பார்த்து ஆள் வாரியாகப் பிரித்து அதில் ஏற்றுவார்கள். பேரேட்டில் பிழை வந்தால் சிட்டையைப் புரட்டுவார்கள். இத்தாலியில் 1494ஆம் ஆண்டு லூக்கா பச்சோலி என்பவர் வெனிஸ் வியாபாரிகளின் கணக்கு முறையை நூலாக வெளியிட்டபோதும், முதலாவதாகச் சொன்னது அன்றாடம் நடப்பதை நடந்தபடி எழுதும் குறிப்புக் கொப்பியைத்தான். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு ஏடுகள்.

அவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய சூரா பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக் கொள்ளுமாறு விசுவாசிகளுக்கு ஏவியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சிறியதோ பெரியதோ எழுதச் சோர்வடையக் கூடாது, சாட்சி வைக்க வேண்டும், எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு செய்யக் கூடாது என்பன அதிலுள்ள கட்டளைகளாகும். சந்தேகம் ஏற்படாதிருக்க இதுவே நெருக்கமான வழி என்ற காரணமும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது.

இன்று எமது பேரேடு கணினிக்குள் போய்விட்டது. அதனை 'டேட்டாபேஸ்' என்கிறார்கள். ஆனால் சிட்டைக் கொப்பியை அநேகர் கொண்டு போகவில்லை. கணினியின் சிட்டைக் கொப்பிக்குப் பெயர் 'லொக்'. இது கப்பற்காரர்களின் சொல். முற்காலத்தில் கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு எவ்வளவு ஓடுகிறதென்று அளந்து ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். கட்டைக்கு ஆங்கிலத்தில் லொக் என்று பெயர். புத்தகத்துக்கும் அதுவே பெயராயிற்று. கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்தோடு தொழில் செய்பவர்களுக்கு லொக் புத்தகம் புதிதல்ல.

பிள்ளைகள் செய்யும் மென்பொருள்

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கிய கணினி மொழி. முதலில் இணையப் பக்கத்துக்குள் சிறு வேலைகள் செய்யவே பெரும்பாலும் பயன்பட்டது. 2009ஆம் ஆண்டு ரயன் டால் என்பவர் 'நோட் ஜேஎஸ்' என்பதைக் கொண்டு வந்த பிறகு, அதே மொழியில் சேர்வர் பக்கத்து வேலையையும் செய்வது பரவியது. ஒரே மொழியைப் படித்த ஒரு பிள்ளை கடையின் இணையத்தளம், ஓடர் எடுப்பது, பில் போடுவது எல்லாவற்றையும் செய்துவிடலாம். சிறிய கடைகளுக்குச் செய்யப்படும் மென்பொருட்கள் பல இதில் இருப்பதற்கு இதுவே காரணம். ஜாவா என்பது வேறொரு மொழி. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இந்த நோட் ஜேஎஸ்ஸில் லொக் எழுத மிக எளிய வழி 'கொன்சோல் லொக்' என்ற கட்டளை. ஒரு வரிதான். அதில் கொடுத்ததைத் திரைக்கு அனுப்பிவிடும். பிழைகளை அனுப்ப 'கொன்சோல் எரர்' என்று தனியாக ஒன்றுண்டு. ஆனால் கவனியுங்கள், அது திரைக்கு அனுப்புகிறதே தவிர எங்கும் சேமித்து வைப்பதில்லை. திரையை மூடினால் போயிற்று. மணலில் எழுதிய கணக்கு மாதிரி. அதனைக் கோப்பு ஒன்றுக்குள் திருப்பிவிட வேண்டும். அல்லது மென்பொருளை ஓடச் செய்து பார்த்துக் கொள்ளும் 'பிஎம் டூ' போன்ற கருவிகள் அதனைப் பிடித்துக் கோப்பில் எழுதும். வேலை கொஞ்சம் பெரிதென்றால் 'பீனோ', 'வின்ஸ்டன்' என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. இவை ஒவ்வொரு வரியிலும் நேரத்தையும் தரத்தையும் சேர்த்து, பிறகு தேடி எடுக்கக்கூடிய ஒழுங்கில் எழுத உதவும்.

ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும்?

"ஓடர் பிழைத்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது லொக் அல்ல. எந்த ஓடர், யாருடையது, எப்போது, ஏன் என்று ஒன்றும் தெரியாது. கடைப் பையன் "ஒருவர் வந்தார், காசு தரவில்லை" என்று எழுதி வைத்ததைப் போன்றது.

நல்ல வரி இப்படி இருக்கும்: "நேரம் இன்னது. தரம்: பிழை. ஓடர் இலக்கம் 1047. பதிந்தவர்: கவுண்டர் 2. தொகை 6,450. வங்கிக்கு அனுப்பினோம், 30 செக்கனில் பதில் வரவில்லை. ஓடர் நிறுத்தி வைக்கப்பட்டது." இதனைப் படித்தால் எனக்கே விளங்கும்.

இதில் முக்கியமானது ஓடர் இலக்கம். ஓடர் வந்தது, பணம் கேட்டது, பணம் கிடைத்தது, இருப்பில் கழித்தது, டெலிவரிக்குக் கொடுத்தது என்ற ஒவ்வொரு வரியிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் "நான் பணம் கட்டிவிட்டேன்" என்று சொல்லும்போது, அந்த இலக்கத்தைத் தேடினால் கதை முழுவதும் வரிசையாக வரும். அவர் சொல்வது உண்மையா, எமது பக்கத்துப் பிழையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சண்டை இல்லை, சத்தியம் செய்யத் தேவையில்லை.

அடுத்தது நேரம். சேர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதுவது பிழையல்ல, உண்மையில் அதுவே நல்லது. ஆனால் எந்த நேரம் என்ற குறி வரியில் இருக்க வேண்டும். காட்டும்போதும் நாள் மொத்தம் போடும்போதும் கொழும்பு நேரத்துக்கு மாற்ற வேண்டும். நாடுகளின் நேரங்களே மாறுவதுண்டு. எமது நாட்டிலும் 1996 மே மாதம் மணிக்கூட்டை முன்னே தள்ளி, அதே வருடம் மீண்டும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். பொது நேரத்தில் எழுதிய பதிவை இந்த மாற்றங்கள் தொடுவதில்லை.

மூன்றாவது தரம். எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தால் முக்கியமானது மறைந்துவிடும். சாதாரண தகவல், எச்சரிக்கை, பிழை என்று மூன்றாவது பிரிக்க வேண்டும். பிள்ளைகள் தமது சோதனைக்காக எழுதும் வரிகளுக்கு நான்காவதாக ஒரு தரம் உண்டு. கடை ஓடும்போது அதனை மூடி வைக்கலாம்.

அளவுக்கு மிஞ்சியும் எழுதக் கூடாது. நோட் ஜேஎஸ் பெரும்பாலும் ஒரே கணக்குப்பிள்ளை எல்லா வேலையையும் ஓடியோடிச் செய்வது போன்றது. அவரைத் தும்மினதையும் இருமினதையும் எழுதச் சொன்னால் வாடிக்கையாளர் காத்து நிற்பார். பணமும் பொருளும் கை மாறும் இடம், ஒருவர் உள்ளே நுழையும் இடம், விலை மாற்றும் இடம், அழிக்கும் இடம், பிழைக்கும் இடம் ஆகியவற்றை எழுதினால் ஒரு கடைக்குப் போதும்.

எழுதக் கூடாதவை

லொக் என்பது அமானிதம். வாடிக்கையாளரின் கடவுச்சொல், வங்கி அட்டையின் முழு இலக்கம், அதன் பின்பக்கத்து மூன்று இலக்கம், ஒருமுறை வரும் ரகசிய இலக்கம் ஆகியவை லொக்கில் விழவே கூடாது. அடையாள அட்டை இலக்கமும் தேவையில்லாமல் விழக் கூடாது. பிள்ளைகள் அவசரத்தில் "வந்ததையெல்லாம் எழுது" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். இவையெல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம், பாவனையாளர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தமது உள் லொக்கில் எழுதப்பட்டிருந்ததாகச் சொல்லி, 33 கோடிக்கு மேற்பட்டோரிடம் அவற்றை மாற்றும்படி கேட்டது. 2019 மார்ச் மாதம் பேஸ்புக் நிறுவனமும் கோடிக்கணக்கானோரின் கடவுச்சொற்கள் உள்ளே வாசிக்கக்கூடியவாறு கிடந்ததை ஒப்புக்கொண்டது. எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. "சின்னக் கடைதானே" என்று இருந்துவிட முடியாது.

வெளியாள் தட்டச்சு செய்து அனுப்புவதை அப்படியே நம்பி எழுதுவதும் ஆபத்து. பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் போலி வரியொன்றைத் தட்டி அனுப்பினால், அது எமது லொக்கில் எமது வரி போலவே விழக்கூடும். 2021 டிசம்பரில் ஜாவா மொழிக்கான 'லொக் ஃபோர் ஜே' என்ற லொக் கருவியிலேயே பெரிய ஓட்டையொன்று வெளிப்பட்டது. லொக்கில் விழும்படி ஒரு வாசகத்தை அனுப்பியே அந்தக் கணினியைப் பிடிக்கக்கூடியதாக இருந்தது. உலகமெங்கும் அவசர அவசரமாகத் திருத்தினார்கள். ஆகவே கருவிகளைப் புதுப்பித்து வைப்பதும் கடமை.

அழிறப்பர் யார் கையில்?

பழைய கணக்குப்பிள்ளைமார் சிட்டையில் அழிறப்பர் பாவிக்க மாட்டார்கள். பிழையாக எழுதினால் அதனை அப்படியே விட்டு, கீழே திருத்த வரி எழுதுவார்கள். கணினியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். வரியைச் சேர்க்கலாம், மாற்றவோ நீக்கவோ கூடாது. மென்பொருள் இருக்கும் இடத்திலேயே லொக்கும் இருந்தால், அது கெட்டால் இதுவும் கெடும். ஆகவே வேறு இடத்தில் ஒரு பிரதி வேண்டும்.

எமது நாட்டில் 2023 ஆகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் கிளவுட் சேவை தாக்கப்பட்டபோது, அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இல்லாமற் போயின. அந்தக் காலப் பகுதிக்கு மீட்டெடுக்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலைமையென்றால் எமது கடைகளைப் பற்றி என்ன சொல்வது?

அத்துடன் லொக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். வட்டில் இடம் நிறைந்தால் மென்பொருளே நின்றுவிடலாம், அதுவும் பெருநாள் இரவில். நாளுக்கொரு கோப்பாகப் பிரித்து, பழையதைச் சுருக்கி வைத்து, தீர்மானித்த காலத்துக்குப் பிறகு நீக்குமாறு செய்ய வேண்டும்.

பிரித்தானியாவில் நடந்த அநியாயம்

இவ்வளவு கண்டிப்பு எதற்கென்று நினைப்பவர்கள் பிரித்தானியத் தபால் நிலையங்களின் கதையை அறிய வேண்டும். அங்கு சிறு கடைக்காரர்கள் ஒப்பந்த அடிப்படையில் உப தபால் நிலையம் நடத்துவார்கள். அவர்களில் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணினி முறை கொடுக்கப்பட்டது. அதனை அமைத்தது ஃபுஜிட்சு நிறுவனம். அது அநேக நிலையங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. "கணினி பிழைக்காது, நீதான் எடுத்தாய்" என்றார்கள். 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் வீடு வாசலை விற்றுக் கட்டினார்கள், உயிரை மாய்த்துக் கொண்டவர்களும் உண்டு.

அலன் பேட்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபரின் தலைமையில் 555 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், மென்பொருள் பிழைகளால் அப்படிப் பணம் குறைவதாகக் காட்டியிருக்க முடியும் என்றும், கடைக்காரருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து அவரது கணக்கில் கை வைக்க முடிந்தது என்றும் தீர்ப்பளித்தார். 2024 மே மாதம் தனிச் சட்டமொன்றின் மூலம் நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகள் இரத்துச் செய்யப்பட்டன. முழு விபரப் பதிவுகள் மறுபக்கத்தின் கையில் இருந்தன. கடைக்காரரால் பார்க்க முடிந்தது அதில் ஒரு பகுதியை மட்டும்.

அதைப் படித்தபோது எனக்கு என் கடைத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடம் நான் மொத்தத் தொகையைத்தான் காட்டினேன்.

உங்கள் மென்பொருள்காரரிடம் கேளுங்கள்

1. பணம் கை மாறும் ஒவ்வொரு சந்தர்ப்பமும் ஓடர் இலக்கத்தோடு தனி வரியாக எழுதப்படுகிறதா?

2. எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள்? நாள் மொத்தம் கொழும்பு நேரப்படிதானா?

3. மென்பொருள் நின்று மீண்டும் ஓடினால் பழைய வரிகள் இருக்குமா?

4. கடவுச்சொல், அட்டை இலக்கம் எதுவும் லொக்கில் இல்லை என்று திறந்து காட்டுவீர்களா?

5. பிரதி எங்கே இருக்கிறது? எவ்வளவு காலம்? யாரால் அழிக்க முடியும்?

6. பிழை வரி விழுந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்?

7. நாளை நீங்கள் வேறு தொழிலுக்குப் போனால் இதையெல்லாம் என்னால் எடுக்க முடியுமா?

இந்த ஏழுக்கும் பதில் சொல்லாதவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பிள்ளைகளும் இதனைப் பாரமாக நினைக்கக் கூடாது. இது சில மணித்தியால வேலை. எமது இலத்திரனியல் பதிவுகளுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. ஒழுங்காக எழுதியிருந்தால்தான் அந்த அங்கீகாரத்தால் எமக்குப் பயன்.

கடைசியாக ஒன்று. லொக்கை எழுதினால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். நான் இப்போது சுப்ஹுக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது முதல் நாளின் பிழை வரிகளைப் பார்க்கிறேன். பத்து நிமிடம் போதும். குறைவைப் பார்ப்பது போல் கூடுதலையும் பார்க்கிறேன். அந்தத் தம்பி இப்போதும் காசுப் பக்கம்தான் நிற்கிறார். காலையில் அந்த வரிகளை என்னோடு சேர்ந்து பார்ப்பவரும் அவர்தான்.

அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் நீதியையும் பறக்கத்தையும் தருவானாக. அடுத்த வாரம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.